சிலுவையும் சாதிச் சான்றிதழும்: துன்பத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருடையது?

தென்காசி மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. அதில் அடங்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், திருவில்லிபுத்தூர் ஆகிய மூன்றும் தனித்தொகுதிகளே. இந்த மண்ணில் பிறந்து, சேரித் தெருவில் வளர்ந்து, சாதிப் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட ஒருவர் தம்மைக் கிறிஸ்தவர் என்று அறிவித்துக்கொண்டால், இத்தொகுதிகளில் அவர் வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது. பக்கத்து வீட்டில் வாழும் அவருடைய அண்ணன் மகன் இந்துவாகவே இருப்பாரானால் அவருக்கு அந்தத் தடை இல்லை. இருவரையும் ஊர் ஒரே சாதிப் பெயரால்தான் அழைக்கிறது. அரசு மட்டும் அவர்களை வெவ்வேறு பட்டியல்களில் எழுதி வைத்திருக்கிறது.

இதனால்தான் தலித் கிறிஸ்தவர் பலரும் இரண்டு பெயர்களோடு வாழ்கின்றனர். ஆலயப் பதிவேட்டில் ஒன்று. பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. விசுவாசத்துக்காகத் துன்பப்படுதல் என்றால் சிறை, சாட்டை, துப்பாக்கி என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். சொந்தப் பெயரை வட்டாட்சியர் அலுவலகத்தில் மறைக்க வேண்டிய நிலையும் விசுவாசத்துக்காகப் படும் துன்பமே. இந்தத் துன்பத்துக்குப் பொருள் உண்டா? உண்டெனில் அதைச் சொல்லத் தகுதியுடையவர் யார்? நெல்லைச் சீமையின் வரலாற்றைக் கொண்டே இக்கேள்வியை ஆராய்வோம்.

சுமக்கும் துன்பம், சுமத்தப்படும் துன்பம்

துன்பம் என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட நிலைகள் அடங்கியுள்ளன. மனச்சான்றின்படி ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு அதற்குரிய விலையைக் கொடுப்பது ஒன்று. எந்தத் தேர்வும் இல்லாமல் பிறப்பின் பெயரால் ஒருவர்மீது ஏற்றப்படுவது மற்றொன்று. முன்னதைச் சிலுவை என்று அழைப்பதில் நியாயம் இருக்கிறது. பின்னதையும் சிலுவை என்றே அழைத்தால், ஏற்றியவர் பார்வையிலிருந்து மறைந்துபோகிறார். சுமப்பவரின் பொறுமை மட்டுமே பேசுபொருளாகிறது.

முன்னதற்குத் தென் தமிழகம் அறிந்த பெரும் எடுத்துக்காட்டு தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் ஆதிக்கச் சாதிக் குடும்பத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். கைதாகி, எருமைமேல் ஏற்றி ஊரூராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்குமுன், 2020இல், அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பட்டத்தை ரோம் நீக்கியது. ஒடுக்கப்பட்ட மக்களோடு பேதமின்றிப் பழகியதும் அவர்மீது ஆத்திரத்தைக் கிளப்பியது என்றே அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுகின்றனர்.

அவர் இழந்தவற்றைக் கவனியுங்கள்: பதவி, சொத்து, சாதி மதிப்பு, இறுதியில் உயிர். இழப்பதற்கு அவரிடம் இவையெல்லாம் இருந்தன. அவருடைய தியாகத்தின் பெருமை இதனால் குறையாது. ஆயினும் விசுவாசத்துக்கான துன்பத்தை அளக்க இதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், பிறக்கும்போதே இவையனைத்தும் மறுக்கப்பட்டவர்கள் கொடுத்த விலை கணக்கில் வராமலே போய்விடும்.

துன்பத்திலிருந்து ஊர்களைக் கட்டியவர்கள்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்குப் புனித யாத்திரை போனவர், தஞ்சையில் லுத்தரன் கிறிஸ்தவர்களைச் சந்தித்து, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு திரும்பினார். ஊரிலும் உறவிலும் எதிர்ப்பு மூண்டது. நம்பியவர்களை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாமா என்று எண்ணும் அளவுக்கு நெருக்கடி முற்றியது. 1806இல் லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு தலித் என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதை மெதுவாகச் சொல்லியே பலரும் கடந்துவிடுகின்றனர்.

நெல்லைப் பக்கம் திரும்பினால் இன்னொரு காட்சி. நாடார் சமூகத்தின் முதல் உபதேசியார்களுள் ஒருவரான தாவீது சுந்தரானந்தம், துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக 1799இல் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊரே முதலூர். அன்று நாடார்களும் சாதிக் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், 1827இல் டோனாவூரை நிறுவினார். 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். விசுவாசத்தின் பொருட்டு வீடிழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக் குடியமர்த்துவது அதன் முதன்மையான வேலை.

பண்ணையார் நிலத்தில் குடிசை, பண்ணையாரிடம் கூலி, பண்ணையாரின் கிணறு என்றிருந்த வாழ்வில், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்வதே கலகம். ஊர்க்கோவில் திருவிழாவுக்கு வரியோ ஊழியமோ தரமாட்டேன் என்பது அதைவிடப் பெரிய கலகம். குடிசை எரிக்கப்படும், கூலி நிறுத்தப்படும். அப்போது, ‘துன்பம் உங்கள் ஆன்மாவைப் புடம் போடுகிறது’ என்று பிரசங்கம் செய்துவிட்டு ஓய்ந்திருக்கவில்லை அந்த முன்னோடிகள். நிலம் வாங்கினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். அவர்களுடைய துன்பத்துக்குப் பொருள் கிடைத்தது அந்தக் கிணற்றிலும் பள்ளிக்கூடத்திலும்தான்.

அருவிக்கரை சொல்லும் செய்தி

மதம் மாறத் தூண்டியது எது என்று கேட்போருக்குக் குற்றாலமே விடை சொல்லும். மலையிலிருந்து தானாக விழும் நீர். யாரும் வெட்டிய குளமன்று, யாரும் கட்டிய கோவிலுமன்று. அங்கேயும் தீண்டாமை இருந்தது. 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் குற்றாலத்துக்கு வந்த காந்தி, தாழ்த்தப்பட்டோருக்கு உரிமையில்லாத அருவியில் தானும் குளிப்பதில்லை என்று குளிக்காமலே திரும்பினார். இன்று சாரல் காலத்தில் பேரருவியின் கீழே தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கலாம். ஓர் ஆயுள் காலத்துக்கு முந்தைய செய்திதான் இது.

அருவி திறந்துவிட்டாலும் ஊர் திறந்துவிடவில்லை. குற்றாலத்துக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினர். தேநீர்க் கடையில் சமமாக அமரவும், படித்த இளைஞன் காவல் நிலையத்தில் அவமதிக்கப்படாமல் இருக்கவும் வேறு வழியில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். நாடெங்கிலுமிருந்து தலைவர்கள் அந்தச் சிற்றூருக்கு ஓடி வந்தனர். வந்தவர்களிற் பலர் கேட்ட கேள்வி ‘பணம் கொடுத்தது யார்?’ என்பது. ‘உங்களை அவமதித்தது யார்?’ என்று கேட்டவர்கள் சிலரே.

மீனாட்சிபுரம் சென்ற வழி இஸ்லாம். மயிலாடி சென்ற வழி கிறிஸ்தவம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் காட்டிய வழி பௌத்தம். மூன்றிலும் மக்கள் தேடியது ஒன்றே: தம்மை மனிதராக மதிக்கும் கடவுளையோ அறத்தையோ சமூகத்தையோ. ஆகவே மதமாற்றத்தால் வரும் துன்பத்தைப் பேசும்போது, மதமாற்றத்துக்கு முன்பிருந்த துன்பத்தை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

பெயரின் விலை

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கப்படவில்லை. அதனால்தான் ஆகஸ்ட் 10ஆம் நாளைத் திருச்சபைகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றனர். 18 விழுக்காட்டுப் பட்டியல் சாதி இடஒதுக்கீட்டிலிருந்து வெளியேறி, தம்மைவிட நிலமும் கல்வியும் மிகுந்த பல சாதிகளோடு 26.5 விழுக்காட்டுக்குள் போட்டியிட வேண்டும்.

இந்த ஆணை என்ன செய்கிறது என்பதை 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூசை வழக்கு போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. வழக்குத் தொடுத்தவர் சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். அதே சாலையோரத்தில் அதே தொழில் செய்த இந்துத் தோழர்களுக்கு அரசு இலவசமாகக் கடைப் பெட்டிகள் கொடுத்தது, இவருக்கு மறுத்தது. மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. தைக்கும் ஊசி, தோல், வெயில் எல்லாம் ஒன்றாக இருந்தும், வேறுபட்டது அவர் சொன்ன ஜெபம் மட்டுமே.

சாதி மதம் மாறினால் அழிந்துவிடுகிறது என்று சொல்லும் சட்டம், மீண்டும் இந்துவாகித் தன் சாதியினரால் ஏற்கப்பட்டால் அந்தச் சாதி திரும்பிவிடும் என்றும் சொல்கிறது. 2015இல் வந்த தீர்ப்பும் இதை உறுதிசெய்தது. அழிந்துபோன ஒன்று எங்கிருந்து திரும்பி வருகிறது? அது போகவேயில்லை என்பதுதான் ஊரறிந்த உண்மை.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அவர் தொடர்ந்து ஆலயத்துக்குச் செல்கிறார் என்பது அவருக்கு எதிரான சான்றாயிற்று. உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்தின்மீது செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். 2025 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், கிறிஸ்தவப் போதகர் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தொடுத்த வழக்கை, கிறிஸ்தவரானவர் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது என்று கூறி ரத்து செய்தது. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் தேர்தல் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாததாக்கியபோது ஆலயப் பதிவேடுகளே முதன்மை ஆவணங்களாகப் புரட்டப்பட்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி அவருடைய வெற்றியை உறுதிசெய்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், ஞானஸ்நானப் பதிவேடு குற்றப் பதிவேட்டைப்போல் வாசிக்கப்படும் காலத்தில் வாழ்கிறோம் என்பதை இது காட்டியது.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவின் கதை ஒவ்வொரு புனித வாரத்திலும் வாசிக்கப்படுகிறது. பேதுரு மறுதலித்தது உயிரச்சத்தால். பின் மனம் கசந்து அழுதார். தன் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காக விண்ணப்பத்தில் ‘இந்து’ என்று எழுதும் தலித் தாய்க்கு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சேவல் கூவுகிறது. அவரைக் கோழை என்று ஆலயமும், மோசடிக்காரர் என்று நீதிமன்றமும் சொல்கின்றன. அவரை அந்த மறுதலிப்புக்குத் தள்ளிய ஆணையை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. வேதமாணிக்கத்துக்குப் புதிய பெயர் விடுதலையின் அடையாளமாக இருந்தது. அந்தப் பெயரே இரு நூற்றாண்டுகளுக்குப் பின் மறைக்க வேண்டிய ஒன்றாகியிருக்கிறது.

ஆலயத்துக்குள் எழுந்த சுவர்

துன்பம் வெளியிலிருந்து மட்டும் வந்திருந்தால் இந்தக் கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் வழிபடும்படி இரு கிளைகளாகப் பிரித்து ஆலயம் கட்டப்பட்டது. கால்சட்டை வடிவக் கோவில் என்றே அது பெயர் பெற்றது. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தப் பிரிவினையை நீக்கினார். அதை மீட்கக் கோரி வெள்ளாளக் கிறிஸ்தவர் வழக்காடினர். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அன்று இடிந்தது ஒரு சுவர். தமிழ்நாட்டுக் கல்லறைகளில் தலித் பிணத்துக்கும் பிற சாதிப் பிணத்துக்கும் நடுவே எழுப்பப்பட்ட சுவர்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கருக்கும் இடையே விழுப்புரம் மாவட்டம் ஏறையூரில் 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003இல் தமிழக ஆயர்களிடம் சாதியை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டின் சுமார் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமையில் அவர்கள் மிகக் குறைவு என்றும் அதுவே கூறிற்று. முதல் தலித் கர்தினாலாக அந்தோணி பூலா பொறுப்பேற்றது 2022 ஆகஸ்டில்தான்.

ஆக, தலித் கிறிஸ்தவர் மும்முனைத் தாக்குதலுக்கு ஆளாகிறார். கிறிஸ்தவர் என்பதால் அரசு உரிமையை மறுக்கிறது. தலித் என்பதால் ஊர் மதிப்பை மறுக்கிறது. இவ்விரண்டிலிருந்தும் தஞ்சம் தேடிப் போன இடத்தில் சக விசுவாசி சமத்துவத்தை மறுக்கிறார்.

யோபின் நண்பர்கள்

இந்நிலையில் மேடையிலிருந்து ‘உங்கள் துன்பத்துக்கு மேலான பொருள் உண்டு, பொறுத்திருங்கள்’ என்ற சொல் வரும்போது, அதைச் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. வேதாகமத்தில் யோபின் கதை இதற்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றும். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபிடம் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் வருகின்றனர். ஏழு நாள் பேசாமல் உடனிருக்கின்றனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து, துன்பத்தின் காரணத்தையும் பயனையும் விளக்கத் தொடங்குகின்றனர். கதையின் முடிவில் கடவுளின் சினத்துக்கு ஆளாவது விளக்கம் சொன்ன இவர்கள். முறையிட்டு, வாதாடி, நியாயம் கேட்ட யோபு சரியாகப் பேசினான் என்று கடவுளே சொல்கிறார்.

அம்பேத்கரின் விமரிசனமும் இந்த இடத்தைத்தான் தொட்டது. கிறிஸ்தவரான தீண்டத்தகாதோரின் நிலை குறித்து எழுதுகையில், துன்பத்துக்குச் சமூக அமைப்பை அன்றி மனிதரின் பாவத்தையே காரணமாகக் காட்டும் போதனை, சூழலை எதிர்க்கும் துடிப்பை அவர்களிடம் மழுங்கடிக்கிறது என்று அவர் வாதிட்டார். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய உளவியலாளர் விக்டர் ஃபிராங்கல், துன்பத்திலும் பொருள் காண இயலும் என்று 1946இல் எழுதிய நூலால் உலகப்புகழ் பெற்றவர். தவிர்க்க இயலாத துன்பத்துக்கே அது பொருந்தும். தவிர்க்கக்கூடிய துன்பத்தை முதலில் நீக்குவதே பொருளுள்ள செயல் என்று அவரே எல்லை வகுத்தார். அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் இந்த எல்லையை மறந்துவிடுகின்றனர். சாதி புயலோ பூகம்பமோ அன்று. மனிதர் செய்தது, மனிதரால் நீக்கக்கூடியது.

இந்தத் தெளிவிலிருந்தே 1980களில் தலித் இறையியல் பிறந்தது. அதன் முன்னோடி அரவிந்த் நிர்மல், துன்பத்தின் உணர்விலிருந்தே தலித் மக்கள் கடவுளை அறிகின்றனர் என்றார். துன்பப்படுவோர் பக்கம் நிற்கும் கடவுளைச் சிலுவையில் கண்டார். 1987இல் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இதற்கெனத் துறை ஏற்பட்டது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பறட்டை’ என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, தீட்டென்று ஒதுக்கப்பட்ட பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். ‘ஒரே உலை’ என்னும் கருத்தின் மூலம், எல்லாரும் ஒன்றாகச் சமைத்து உண்ணும் விருந்தாகத் திருவிருந்தைக் காணச் சொன்னார். சாதியம் முதலில் பிரிப்பது பந்தியை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் வலிமை புரியும். இவர்களுடைய இறையியலில் சிலுவை, துன்பத்தைப் புகழும் சின்னமாக இல்லை. குற்றமற்றவன்மீது அதிகாரமும் மதபீடமும் கூடி இழைத்த கொடுமையின் சாட்சியாகவும், அந்தக் கொடுமைக்கு இறுதிச் சொல் கிடையாது என்னும் உறுதியாகவும் அது நிற்கிறது. சிலுவையில் தொங்கிய இயேசுவே ஏன் கைவிட்டீர் என்று கேட்டார் என்பதை மறவாதீர்கள். கேள்வி கேட்பது அவிசுவாசமாகாது.

பொருள் தேடுவோர் செய்ய வேண்டியவை

துன்பப்படுபவர் தம் துன்பத்தில் பொருள் காணலாம். தென்காசிப் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில், பகலெல்லாம் வயலில் உழைத்த பெண் இரவில் எழுந்து நின்று, இத்தனைக்கும் நடுவில் கடவுள் என்னைக் கைவிடவில்லை என்று சாட்சி சொன்னால், அதை மறுக்க எந்தப் பகுத்தறிவாளருக்கும் உரிமையில்லை. அந்தப் பொருள் அவருடையது; அவர் ஈட்டியது. அதை எடுத்து அவருக்கே கட்டளையாகத் திருப்பித் தர எந்தப் போதகருக்கும் ஆயருக்கும் அரசுக்கும்கூட உரிமையில்லை.

உடனிருப்போருக்கான வேலை வேறு. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் அத்தகுதியை வழங்கும்படி ஒன்றிய அரசைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் காலம் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. மூன்றாம் பத்தியை நீக்குவதற்குத் தேவைப்படுவது இன்னோர் ஆணையமன்று, அரசியல் துணிவு.

திருச்சபைகளுக்கும் இதே அளவுகோல்தான். ஆகஸ்ட் 10 அன்று தெருவில் கறுப்புக் கொடி பிடிக்கும் ஆயர் மாமன்றம், கல்லறைச் சுவர்களை இடிக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும் என்று கேட்க வேண்டும். மிஷன் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தலித் கிறிஸ்தவருக்கான பணியிடங்கள் எத்தனை என்று கணக்கை வெளியிடச் சொல்ல வேண்டும். அரசு மறுக்கும் இடஒதுக்கீட்டைத் தன் நிறுவனங்களில் தானே வழங்கத் திருச்சபைக்குத் தடையேதுமில்லை.

1830இல் ஒரு சங்கம், துன்பப்பட்டோருக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. பொருளைத் தேடுவோர் அங்கிருந்து தொடங்கலாம். தலித் கிறிஸ்தவர் ஒருவர் ஆலயத்தில் ஏற்ற பெயரையே வட்டாட்சியர் முன்னும் வாக்குச்சீட்டிலும் கல்லறைக் கல்லிலும் அச்சமின்றி எழுதும் நாள் வரும்வரை, அவருடைய துன்பத்துக்கு விளக்கம் சொல்வதை நாம் நிறுத்திவைப்போம். அதை நீக்கும் வேலையைச் செய்வோம்.